தன் பண்பாட்டைத் தானே ஆராய்வது எப்படி? பன்பண்பாட்டு உளவியல் வழியாக ஒரு முழுமையான வழிகாட்டி

மனித மனத்தைப் பண்பாட்டு வேறுபாடுகளோடு சேர்த்துப் பார்க்கும் துறை பன்பண்பாட்டு உளவியல். மனநல ஆலோசகராகப் பயிற்சி பெற வருபவர்களில் பலர், அது பிற மக்களைப் பற்றிய பாடம் என்றே நினைக்கிறார்கள். ஜப்பானியர் எப்படி, ஆப்பிரிக்கர் எப்படி என்று ஒரு பட்டியல் கிடைக்கும் என எதிர்பார்க்கிறார்கள். 1992இல் டெரால்ட் விங் சூ, பாட்ரிசியா அரெடொண்டோ, ரோடரிக் மெக்டேவிஸ் ஆகிய மூவரும் அமெரிக்க ஆலோசகர்களுக்காக வகுத்த திறன்களின் வரிசையைப் பார்த்தால் அந்த எண்ணம் மாறிவிடும். ஆலோசகர் தன் பண்பாட்டையும் முன்முடிவுகளையும் அறிவது முதல் இடத்தில் இருக்கிறது. தன்னிடம் வருபவரின் உலகப் பார்வையை அறிவது இரண்டாவது. அதற்கேற்ற முறைகளைக் கற்பது மூன்றாவது.

இந்த வரிசை எவ்வளவு சரியானது என்பதை வகுப்பறையில் மீண்டும் மீண்டும் பார்க்கிறேன். "உங்கள் பண்பாடு என்ன?" என்று கேட்டால் பொங்கல், வேட்டி, சேலை, கோயில், விருந்தோம்பல் என்று ஐந்து நிமிடத்தில் பதில் முடிந்துவிடும். முதல் மாதச் சம்பளத்தை யார் கையில் கொடுப்பது, பெரியவர் அறைக்குள் வந்தால் கட்டிலில் படுத்திருப்பவர் என்ன செய்வது, இறப்பு வீட்டில் அடுப்பு மூட்டலாமா கூடாதா என்பவை அந்தப் பட்டியலில் வருவதே இல்லை. அவை இயல்பாகவே அப்படித்தான் என்று நினைத்துவிடுகிறோம். இன்னொரு மக்களிடம் அவை வேறு மாதிரி இருப்பதைப் பார்க்கும்போதுதான், நம்முடையதும் ஒரு தேர்வு என்பது தெரிகிறது. பிறரைப் பற்றிய ஆய்வுகளை நான் பரிந்துரைப்பதற்குக் காரணம் இதுதான்.

உளவியல் படிக்காதவர்களும் இந்தத் தன்னாய்வைச் செய்யலாம். ஒரு தடிமனான நோட்டு, மனம் விட்டுப் பேசக்கூடிய ஒரு பெரியவர், வேறு ஊர் அல்லது வேறு சமூகத்தைச் சேர்ந்த ஒரு நண்பர் ஆகிய மூன்றும் போதும். ஒரு கல்லூரிப் பருவத்தின் கால அளவை ஒதுக்குங்கள். அவசரப்பட்டால் பண்டிகைப் பட்டியலுக்கே திரும்பிவிடுவீர்கள்.

முதல் படி: பாடப்புத்தகத்தின் ஓரத்தில் எழுதுங்கள்

2010இல் ஜோசப் ஹென்ரிக், ஸ்டீவன் ஹைன், அரா நோரென்சயான் ஆகியோர் உளவியல் உலகை உலுக்கிய ஒரு கட்டுரையை வெளியிட்டார்கள். மனிதர்களைப் பற்றிய பொது உண்மைகளாக உளவியல் சொல்பவை, மேற்கத்திய, படித்த, தொழில்வளம் மிக்க, பணக்கார, மக்களாட்சி நாடுகளின் மக்களை வைத்துக் கண்டறியப்பட்டவை என்பது அவர்களின் வாதம். முக்கிய ஆய்விதழ்களில் ஆராயப்பட்டவர்களில் 96 சதவீதம் பேர், உலக மக்கள்தொகையில் வெறும் 12 சதவீதம் கொண்ட நாடுகளைச் சேர்ந்தவர்கள். அவர்களிலும் கல்லூரி மாணவர்களே மிகுதி.

ஆகவே உங்களிடம் உள்ள எந்த அறிமுக உளவியல் புத்தகத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தை வளர்ப்பு அல்லது பதின்பருவம் பற்றிய ஒரு அத்தியாயம் போதும். ஒவ்வொரு கூற்றுக்கும் பக்கத்தில் இரண்டு விஷயங்களை எழுதுங்கள். யாரை ஆராய்ந்து இதைச் சொன்னார்கள்? எங்கள் வீட்டில் எப்படி?

குழந்தையை அடிக்கடி பாராட்ட வேண்டும் என்று புத்தகம் சொல்கிறது. உங்கள் பாட்டி பேரக்குழந்தையை முகத்துக்கு நேரே "அழகு" என்று சொன்னதுண்டா? "கருவாப்பயலே" என்று கொஞ்சிவிட்டுக் கன்னத்தில் மை வைத்திருப்பார். மார்கரெட் டிராவிக் என்ற மானுடவியலாளர் தமிழ்நாட்டில் ஒரு குடும்பத்தோடு வாழ்ந்து எழுதி 1990இல் வெளியிட்ட நூலில் இதை நுட்பமாகக் கவனித்திருக்கிறார். தாயின் அன்பு கண்ணேறு படும் அளவுக்கு ஆற்றல் உடையது என்பதால் அது அடக்கி வைக்கப்படுகிறது, கடுமையாகவும் கேலியாகவும் வெளிப்படுகிறது என்கிறார். மேற்கத்தியப் புத்தகம் மட்டும் படித்த ஓர் ஆலோசகர் அந்தப் பாட்டியை அன்பு காட்டத் தெரியாதவர் என்று குறித்துக்கொள்வார். புத்தக ஓரத்தில் நீங்கள் எழுதும் இத்தகைய குறிப்புகள்தான் உங்கள் முதல் தரவு.

இரண்டாம் படி: "நான்" என்று தொடங்கும் இருபது வரிகள்

1954இல் மான்ஃபோர்ட் குன், தாமஸ் மெக்பார்ட்லண்ட் ஆகியோர் உருவாக்கிய எளிய சோதனை இது. "நான் யார்?" என்ற கேள்விக்கு இருபது பதில்கள் எழுத வேண்டும். யோசித்து மெருகூட்டாமல் வேகமாக எழுதுங்கள்.

முதல் ஐந்தாறு வரிகள் எளிதாக வரும். அதற்குப் பிறகுதான் பேனா நிற்கும். ஒருவர் தாளில் "நான் மூத்த மகள்", "நான் எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி", "நான் என் தம்பியின் படிப்புக்குப் பொறுப்பானவள்" என்று போய்க்கொண்டிருந்து, பன்னிரண்டாவது வரியில் "நான் தனியாக இருக்கும்போது பாடுவேன்" என்று வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வரிக்கு முன்னும் பின்னும் கோடு போட்டுப் பாருங்கள். உறவு, கடமை, ஊர், குழு சார்ந்தவை ஒரு பக்கம். குணம், விருப்பம், திறமை சார்ந்தவை மறுபக்கம். எவை முதலில் வந்தன, எவை சிரமப்பட்டு வந்தன என்பதுதான் எண்ணிக்கையைவிட முக்கியம்.

ஒரு வாரம் கழித்து அதே சோதனையை ஆங்கிலத்தில் செய்யுங்கள். கனடாவில் வாழும் சீனப் பிறப்பினரிடம் 2002இல் செய்த ஆய்வு ஒன்றில், சீன மொழியில் பதில் எழுதியவர்கள் குழு சார்ந்த வரிகளை அதிகம் எழுதினார்கள். ஆங்கிலத்தில் எழுதியவர்களின் பதில்கள் மற்ற கனடியர்களின் பதில்களை ஒத்திருந்தன. உங்கள் இரண்டு தாள்களும் வேறுபட்டால் இரண்டுமே நீங்கள்தான். எந்தத் தாளை எந்த இடத்தில் எடுத்து நீட்டுகிறீர்கள் என்று கவனியுங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். ஹேசல் மார்கஸும் ஷினோபு கிடயாமாவும் 1991இல், தன்னைத் தனி ஆளாகக் காணும் தனித்து நிற்கும் தன்னிலை, தன்னை உறவுகளோடு சேர்த்துக் காணும் சார்ந்து நிற்கும் தன்னிலை என்று இரண்டை வேறுபடுத்திக் காட்டினார்கள். மிகச் சிறந்த சிந்தனை. ஆனால் அதைப் படித்தவுடன் "மேற்கு தனிமனிதம், நாம் கூட்டு வாழ்வு" என்று முழக்கம் எழுப்பிவிடுகிறோம். கென்யாவில் இதே இருபது வரிச் சோதனையை நடத்தியபோது, மாசாய், சம்புரு என்ற மேய்ச்சல் குடிகளின் பதில்களில் ஐந்தில் நான்கு பங்கு உறவும் குழுவும் சார்ந்தவையாக இருந்தன. நைரோபி பல்கலைக்கழக மாணவர்களின் பதில்களோ அமெரிக்க மாணவர்களின் பதில்களுக்கு மிக நெருக்கமாக இருந்தன. ஒரே நாட்டுக்குள், படிப்பும் நகரமும் அவ்வளவு தூரத்தை உண்டாக்குகின்றன. உங்கள் தாளை உங்கள் அம்மாவின் தாளோடு ஒப்பிடுங்கள். அமெரிக்கரோடு ஒப்பிடுவதைவிட அதில் கற்றுக்கொள்ள அதிகம் இருக்கும்.

மூன்றாம் படி: எது தவறு, ஏன் தவறு

இந்தப் படிக்கு அதிக நேரம் கொடுங்கள். ஒருவரின் பண்பாடு, அவர் எதைக் கண்டு "சே, இப்படிச் செய்யலாமா!" என்கிறார் என்பதில் இருக்கிறது.

ஜோன் மில்லரும் டேவிட் பெர்சாஃபும் 1992இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு கதை வருகிறது. ஒருவர் தன் நெருங்கிய நண்பரின் திருமணத்துக்கு மோதிரங்களை எடுத்துச் செல்கிறார். வழியில் பணப்பை திருட்டுப் போய்விடுகிறது. யாரிடமும் கடன் கிடைக்கவில்லை. ரயில் நிலையத்தில் பக்கத்தில் இருந்தவர் எழுந்து போகிறார். அவர் விட்டுச் சென்ற கோட்டின் பையில் டிக்கெட் தெரிகிறது. எடுக்கலாமா? மைசூரில் கேட்கப்பட்டவர்களில் பெரும்பாலோர், நண்பருக்கான கடமையே பெரிது, எடுக்கலாம் என்றார்கள். அமெரிக்கர்களில் பெரும்பாலோர் திருட்டு திருட்டுதான் என்றார்கள். இந்தக் கதையை இரவுச் சாப்பாட்டு நேரத்தில் வீட்டில் சொல்லுங்கள். யார் என்ன தீர்ப்பு சொன்னார் என்பதைவிட, என்ன காரணம் சொன்னார் என்பதை அவர் சொன்ன சொற்களிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்து ரிச்சர்ட் ஷ்வேடர், மனமோகன் மகாபாத்ரா, ஜோன் மில்லர் ஆகியோரின் 1987ஆம் ஆண்டு ஆய்வு. ஒடிசாவின் புவனேஸ்வரத்திலும் சிகாகோவிலும் பல சிறு நிகழ்ச்சிகளைச் சொல்லித் தீர்ப்புக் கேட்டார்கள். அவற்றில் ஒன்று, தந்தை இறந்த மறுநாள் மூத்த மகன் முடி வெட்டிக்கொண்டு கோழிக்கறி சாப்பிட்டான் என்பது. சிகாகோவில் அது ஒரு பொருட்டாகவே தெரியவில்லை. புவனேஸ்வரத்துப் பிராமணர்கள் அதை மிகக் கொடிய குற்றமாக வைத்தார்கள். தந்தையின் ஆன்மாவுக்கு அது துரோகம் என்பது அவர்கள் சொன்ன காரணம்.

தமிழ்நாட்டு வாசகருக்கு இந்த நிகழ்ச்சியின் முதல் பாதியே இடறும். நம்மில் பல சமூகங்களில் கொள்ளி வைக்கும் மகனுக்கு அன்றைக்கே மொட்டை அடிப்பார்கள். முடியை எடுக்காமல் இருந்தால்தான் பேச்சு வரும். ஒடிசாவில் துரோகம் எனப்படுவது இங்கே கடமையின் பக்கத்தில் நிற்கிறது. கோழிக்கறியோ இங்கும் தவறுதான், ஆனால் எத்தனை நாளுக்கு? சில வீடுகளில் கருமாதி முடிந்து கறிச்சோறு போட்டால்தான் துக்கம் கழிந்ததாகப் பொருள். சில வீடுகளில் ஓராண்டு வரை பண்டிகை இல்லை. ஆய்வாளர்கள் "இந்தியா" என்று எழுதியது ஒரு கோயில் நகரத்தின் ஒரு பகுதியை. உங்கள் வீட்டு வழக்கம் என்ன, அதை யார் சொல்லித் தெரிந்துகொண்டீர்கள், மீறியவர் யாராவது உண்டா, அவருக்கு என்ன நடந்தது? இந்த நான்கு கேள்விகளுக்கும் பதில் எழுதுங்கள்.

பிறகு ஷ்வேடர் கேட்டது போலவே மேலும் இரண்டு கேள்விகளைப் பெரியவரிடம் கேளுங்கள். வேறு நாட்டில் எல்லோரும் இப்படிச் செய்தால் அங்கே அது சரியா? ஊரே கூடி இந்த வழக்கத்தை மாற்றினால் பரவாயில்லையா? "அவர்கள் வழக்கம் அவர்களுக்கு" என்று பதில் வந்தால் அது ஊர் மரபு. "எங்கே செய்தாலும் பாவம்தான்" என்றால் அது அறம். எது எந்தப் பெட்டியில் விழுகிறது என்பதை வீட்டில் இருப்பவர்களே அதுவரை யோசித்திருக்க மாட்டார்கள்.

ஷ்வேடரும் அவருடைய குழுவினரும் பின்னர் மூன்று வகை அறங்களைப் பிரித்துக் காட்டினார்கள். ஒருவரின் உரிமைக்கும் நலனுக்கும் கேடு வரக்கூடாது என்பது ஒன்று. குடும்பம், குழு, நிலை சார்ந்த கடமை இரண்டாவது. தூய்மை, தெய்வம், தீட்டு சார்ந்தது மூன்றாவது. உங்கள் நோட்டில் உள்ள காரணங்களை இந்த மூன்றில் வகைப்படுத்துங்கள்.

மூன்றாவது வகையில் விழுபவற்றை மட்டும் தனியே எடுத்து மறுபடி படிக்க வேண்டும். தலைவாசலில் செருப்பைக் கழற்றுவதும் அங்கேதான் இருக்கிறது. மாதவிலக்கின்போது பெண்ணைத் தனியே உட்கார வைப்பதும் அங்கேதான் இருக்கிறது. வேலைக்கு வருபவருக்குத் தனி டம்ளர் வைப்பதும் அங்கேதான் இருக்கிறது. மூன்றும் "சுத்தம்" என்ற ஒரே காரணத்தின் கீழ் அமைதியாக உட்கார்ந்திருக்கும். பண்பாட்டை மதிக்க வேண்டும் என்று பாடம் சொல்கிறது என்பதற்காக இந்தத் தனி டம்ளரை மதிக்க வேண்டியதில்லை. ஒரு வழக்கத்தைப் புரிந்துகொள்வது வேறு, அதற்கு வக்காலத்து வாங்குவது வேறு. அந்த டம்ளரில் குடித்தவரின் வீட்டில் இந்த நோட்டை எழுதினால் என்ன வரும் என்று யோசித்துப் பாருங்கள்.

நான்காம் படி: உறவு வரைபடம்

குடும்ப நல ஆலோசகர்கள் பயன்படுத்தும் வரைபட முறை ஒன்று இருக்கிறது. மோனிகா மெக்கோல்ட்ரிக், ராண்டி கெர்சன் ஆகியோர் 1980களில் அதைப் பரவலாக்கினார்கள். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். மூன்று தலைமுறையை ஒரே தாளில் வரைய வேண்டும். பெரிய தாளாக எடுங்கள். அக்காள் மகளைக் கட்டியவரும் அத்தை மகனைக் கட்டியவரும் உள்ள குடும்பமானால், வட அமெரிக்கக் குடும்பங்களுக்காக அமைந்த இந்த வரைபடத்தில் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். ஏறட்டும், அதுவே ஒரு செய்தி. உங்கள் குடும்பத்தில் திருமணம் வெளியாட்களை உறவாக்கியதா, இருந்த உறவை இன்னொரு முறை முடிச்சுப் போட்டதா என்பது தாளைப் பார்த்தாலே தெரியும்.

இனி அந்த முறையில் இல்லாதவற்றைச் சேருங்கள். யாரைக் கேலி செய்யலாம், யார் முன்னால் வாய் திறக்கக்கூடாது? யார் பெயரை யார் சொல்லமாட்டார்? காதுகுத்தில் குழந்தை யார் மடியில் உட்கார்ந்தது? சீர் எந்த வீட்டிலிருந்து எந்த வீட்டுக்குப் போகிறது? யாருடைய சாவுக்கு யார் போகவில்லை? தாய்மாமன் வராததால் ஒரு சடங்கு தள்ளிப் போனது என்ற கதை உங்கள் குடும்பத்தில் இருந்தால், அதிகாரம் எங்கே இருந்தது என்பதை அது காட்டிவிடும்.

ஐந்தாம் படி: நமக்குச் சலுகையாக இருப்பவை

பமேலா ஹேஸ் என்ற அமெரிக்க உளவியலாளர், ஒருவரின் பின்னணியைப் பல இழைகளாகப் பிரித்துப் பார்க்கச் சொன்னார். வயது, உடல் அல்லது மனக் குறைபாடு, மதம், இனம், பொருளாதார நிலை, பாலியல் நாட்டம், தொல்குடிப் பின்னணி, பிறந்த நாடு, பாலினம். ஒவ்வொன்றிலும் நீங்கள் மேல் கையா, கீழ் கையா என்று குறிக்க வேண்டும். அமெரிக்காவுக்காக எழுதிய அந்தப் பட்டியலில் சாதிக்கென்று தனி இழை இல்லை. நாம் சேர்த்தாக வேண்டும். பேச்சு வழக்கையும் சேர்க்கலாம். எந்த வட்டாரத் தமிழுக்கு நேர்முகத் தேர்வில் சிரிப்பு எழுகிறது என்பது எல்லோருக்கும் தெரியும்.

1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டங்களை விட்டுவிடத் தீர்மானம் போட்டார்கள். பெயருக்குப் பின்னால் சாதியைப் போடாமல் தந்தை பெயரின் முதலெழுத்தோடு நிறுத்திக்கொள்ளும் பழக்கம் தமிழ்நாட்டில் வேரூன்றியதற்கு அந்த இயக்கம் பெரும் காரணம். பெருமைக்குரிய விஷயம்தான். அதனாலேயே நம் வகுப்பறைகளில் "எனக்குச் சாதியே தெரியாது" என்று சொல்வதும் எளிதாகிவிட்டது. இப்படி ஒரு பட்டியல் போட்டுப் பாருங்கள். வாடகைக்கு வீடு கேட்கும்போது என்ன சாப்பிடுவோம் என்று என்னிடம் கேட்டதில்லை. ஊரில் எந்தத் தெருவிலும் செருப்போடு நடந்திருக்கிறேன். என் மதிப்பெண்ணைப் பார்த்து யாரும் "ஒதுக்கீடா?" என்று கேட்டதில்லை. எங்கள் சுடுகாட்டுக்குப் போகும் பாதையை யாரும் மறித்ததில்லை. எந்த வரிக்கு "ஆம்" என்று எழுதினீர்கள், அது உங்களுக்கு எப்போதாவது ஒரு வசதியாகத் தோன்றியதுண்டா? 1980களின் இறுதியில் பெக்கி மெக்கின்டாஷ் என்ற அமெரிக்க ஆய்வாளர் தன் வெள்ளைத் தோல் தனக்குத் தரும் சலுகைகளை இப்படித்தான் வரி வரியாகப் பட்டியலிட்டார். தன் பண்பாட்டை அறிய விரும்புபவர் தவிர்க்க விரும்பும் படி இதுதான். தவிர்ப்பவர்கள் மற்ற படிகளில் எழுதியதை நான் அரைகுறையாகவே கருதுகிறேன்.

ஆறாம் படி: துயரம் எப்படிப் பேசுகிறது

ஒவ்வொரு மக்களும் துன்பத்தைச் சொல்வதற்கென்று ஒப்புக்கொள்ளப்பட்ட வழிகளை வைத்திருக்கிறார்கள் என்பதை மார்க் நிக்டர் 1981இல் எடுத்துக்காட்டினார். அவர் ஆராய்ந்தது கர்நாடகத்தின் தென்கன்னடப் பகுதிப் பெண்களை. ஒரு மாத காலம் உங்கள் வீட்டில் காதைத் திறந்து வையுங்கள். நெஞ்சு பாரம், வயிற்றெரிச்சல், தலை கனம், சோறு இறங்கவில்லை, கை கால் ஓடவில்லை. இவற்றை யார் சொல்கிறார், யாரிடம் சொல்கிறார், சொன்ன பிறகு வீட்டில் என்ன மாறுகிறது? மருமகளின் தலைவலிக்குப் பிறகு சமையல் யார் கைக்குப் போகிறது என்று பார்த்தால் பாதி புரிந்துவிடும்.

மனநல மருத்துவர் ஆர்தர் கிளைன்மன் நோயாளிகளிடம் கேட்கச் சொன்ன கேள்விகள் இங்கே கைகொடுக்கும். இது எதனால் வந்தது என்று நினைக்கிறீர்கள்? ஏன் இப்போது வந்தது? என்ன செய்தால் சரியாகும்? இதில் உங்களுக்கு எது பெரிய பயம்? திருஷ்டி சுற்றியது, மந்திரித்தது, குலதெய்வத்துக்கு நேர்ந்துகொண்டது என்று பதில் வந்தால் குறுக்கிடாமல் எழுதிக்கொள்ளுங்கள்.

ஈழத்து வாசகர்களுக்கு யாழ்ப்பாண மனநல மருத்துவர் தயா சோமசுந்தரத்தின் பணி அறிமுகமாகியிருக்கும். போரின் காயத்தைத் தனி மனிதரின் நோயாக மட்டும் பார்க்க முடியாது, குடும்பமும் ஊரும் சேர்ந்து சிதைந்த கூட்டுக் காயம் அது என்று அவர் தொடர்ந்து எழுதிவந்தார். காணாமல் போனவருக்கு அந்தியேட்டி என்ற இறப்புச் சடங்கைச் செய்வதா வேண்டாமா என்று ஆண்டுக்கணக்கில் தவிக்கும் ஒரு தாயின் நிலையைத் தனி மனிதரின் அறிகுறிகளை மட்டும் கேட்கும் கேள்வித்தாளால் பிடிக்க முடியாது. உங்கள் குடும்பத்தில் அப்படியொரு நின்றுபோன சடங்கு இருந்தால் அதைத் தனியாக உட்கார்ந்து தோண்டாதீர்கள். கூட ஒருவர் இருக்கட்டும்.

ஏழாம் படி: இது உண்மையில் நமக்கு மட்டும் உரியதா?

கண்டதையெல்லாம் "தமிழர் தனிச்சிறப்பு" என்று எழுதிவிடும் ஆசை எல்லோருக்கும் வரும். வீட்டில் தண்ணீர் கொடுத்த அம்மாவுக்கு நாம் நன்றி சொல்வதில்லை. தென்னிந்தியாவில் நன்றி வாய்ச்சொல்லைவிடப் பதில் செயலில்தான் வெளிப்படுகிறது என்று அர்ஜுன் அப்பாதுரை 1985இல் எழுதினார். நம் குணம் பிடிபட்டது என்று தோன்றும். ஆனால் 2018இல் ஐந்து கண்டங்களின் எட்டு மொழிகளில் அன்றாட வீட்டுப் பேச்சைப் பதிவு செய்து பார்த்தபோது, கேட்ட உதவி கிடைத்த பிறகு நன்றி சொல்வது எங்குமே அரிது என்று தெரிந்தது. ஆங்கிலமும் இத்தாலியனும் பேசுபவர்கள் மட்டுமே ஓரளவு அதிகமாகச் சொன்னார்கள். மனிதர்களின் பொது வழக்கத்தை நம் தனிச் சொத்தாக நினைத்திருக்கிறோம். விலக்காக நின்றது நாம் அளவுகோலாக வைத்திருந்த ஆங்கிலம்தான்.

ஆகவே உங்கள் நோட்டில் உள்ள ஒவ்வொரு முடிவையும் வேறு சமூகத்து நண்பரிடம் படித்துக் காட்டுங்கள். "எங்கள் வீட்டிலும் அப்படித்தான்" என்று அவர் சொன்னால் அந்த முடிவை நீக்காதீர்கள், இடம் மாற்றுங்கள். இது என் வீட்டு வழக்கம், இது என் சாதி வழக்கம், இது வட்டார வழக்கம், இது மனித வழக்கம் என்று நான்கு பத்திகள் போதும்.

புலம்பெயர்ந்து வாழ்பவர்களுக்கு

கனடாவின் ஜான் பெரி, புதிய நாட்டில் வாழ்பவர்களின் போக்கை நான்காகப் பிரித்தார். இரண்டு பண்பாட்டையும் வைத்துக்கொள்வது, பழையதை விட்டுப் புதியதில் கரைவது, பழையதற்குள்ளேயே ஒதுங்குவது, இரண்டிலிருந்தும் விலகுவது. ஒருவர் முழுக்க ஒரே பெட்டிக்குள் இருப்பார் என்று நினைக்க வேண்டாம். உணவு, திருமணம், மொழி, நட்பு, பிள்ளை வளர்ப்பு ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே குறியுங்கள். டொராண்டோவில் வேலையிடத்தில் ஒரு பெட்டியிலும், பிள்ளையின் கல்யாணப் பேச்சில் வேறு பெட்டியிலும் இருப்பவர்கள் ஏராளம். பெற்றோரும் பிள்ளைகளும் தனித்தனியாகக் குறித்துவிட்டுத் தாளை மாற்றிக்கொண்டால், நெடுநாள் சண்டை ஒன்று எந்த வரிசையில் இருக்கிறது என்று தெரியவரும்.

நோட்டை வைத்துக்கொள்ளும் முறை

ஒவ்வொரு பக்கத்திலும் தேதி போடுங்கள். திருமணம், குழந்தைப் பேறு, இடமாற்றம், வீட்டில் ஒரு மரணம் ஆகியவற்றுக்குப் பிறகு இருபது வரிச் சோதனையையும் மூன்றாம் படியையும் மறுபடி செய்யுங்கள். மெலனி டெர்வலான், ஜேன் முர்ரே கார்சியா ஆகிய இரு மருத்துவர்கள் 1998இல் மருத்துவக் கல்வியில், பிறர் பண்பாட்டை முழுதாக அறிந்துவிட்டோம் என்று எண்ணாமல் கற்றுக்கொண்டே இருக்கும் பண்பாட்டுப் பணிவு என்ற கருத்தை முன்வைத்தபோது, இந்தத் தன்னாய்வு வாழ்நாள் முழுதும் நடக்க வேண்டியது என்றே சொன்னார்கள்.

பெரியவர்கள் சொன்ன கதைகளைப் பதிவு செய்யுமுன் அனுமதி கேளுங்கள். ஓடிப்போன சித்தி, பேசாமல் போன பங்காளி, விற்ற நிலம் என்று பலவும் வெளியே வரும். அவற்றைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். வகுப்பில் ஒப்படைக்க வேண்டியிருந்தால் பெயரையும் ஊரையும் மாற்றிவிட்டு, சொன்னவரிடம் ஒருமுறை படித்துக் காட்டுங்கள். அவர் நீக்கச் சொல்லும் வரியை நீக்கிவிடுங்கள்.